இடுப்பு முந்தி, கை பிந்தி

ஒரு மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலையில் படுக்கையை விட்டு எழ முயன்றேன், எழ முடியவில்லை. இடுப்பில் ஆணி அறைந்தாற்போல் வலி. அம்மா பதறிப்போய்த் தைலப் புட்டியை எடுத்து வந்தாள். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, "நமக்கெதுக்குல அந்தத் துரைமாரு ஆட்டம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

அன்று அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன். பௌதிகச் சோதனைக்கூடத்தில் ஆறு செய்முறைகள் தவறிப்போயின. எம்.எஸ்ஸி. இறுதியாண்டில் ஆறு செய்முறைகள் தவறுவது என்றால் என்ன என்பதை நம் விஞ்ஞான மாணவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் கோல்ப் ஆட்டத்தால் வந்த வினை. அன்று, வினை ஆட்டத்தில் இருக்கிறது என்று எண்ணினேன். பிறகுதான் அது நான் ஆடிய முறையில் இருந்தது எனத் தெரிந்தது. உடலின் எந்தப் பகுதி எப்போது சுழலவேண்டும் என்பதை அறியாமல் கோலை வீசினேன்; உடல் என்னைத் தண்டித்தது. அந்த முறை எது என்பதைப் படுக்கையில் கிடந்தபடியே சிறிது படித்தேன். எழுந்தபின் சிறிது பழகினேன். அதனையே இங்கு எழுதுகிறேன். கோல்ப் ஆடாத நண்பர்களும் படிக்கலாம். பந்து எறிபவர், மட்டை பிடிப்பவர், கோடரி ஓச்சுபவர் அனைவருக்கும் இப்பாடம் ஒன்றே.

துரைமார் ஆட்டமா?

முதலில் அப்பாவின் கேள்வி. நாம் வாழும் இக்கொல்கத்தா மாநகருக்கும் கோல்ப் ஆட்டத்துக்கும் நீண்ட உறவு உண்டு. 1829ஆம் ஆண்டு டம்டம்மில் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ப் கழகம், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய கோல்ப் கழகங்களுள் மிகப் பழையது. ஆதலால் துரைமார் ஆட்டம் என்று அப்பா கூறியதில் தவறில்லை.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அதே கழகத்தில் புல்தரையைப் பேணும் வேலை பார்த்த ஒருவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. பிறரைப் பார்த்துப் பார்த்துத் தாமே ஆடக் கற்றவர். 2008இல் தில்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியில் வெளிநாட்டு வீரர்களையெல்லாம் வென்றார். 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்தியன் ஓபன் பட்டத்தைப் பெற்றார். புல்லை வெட்டியவரின் மகன் வெல்லக்கூடிய ஆட்டம் ஒன்றை முற்றிலும் துரைமாருக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டுவதில்லை.

நான் இவ்வாட்டத்துக்கு வந்த வழியும் அத்தகையதே. படிப்புச் செலவுக்காகச் சனி, ஞாயிறு நாட்களில் ஒரு பயிற்சித் திடலில் வேலைக்குச் சேர்ந்தேன். பந்துக் கூடைகளை எண்ணிக் கொடுத்துக் கணக்கு எழுதுவது என் வேலை. மாலையில் திடலை மூடுமுன், வேலை செய்பவர்கள் ஒரு கூடைப் பந்தை அடித்துப் பார்க்கலாம். அங்கே முதியவர் ஒருவர் இருந்தார். முப்பது ஆண்டு காலம் ஆட்டக்காரர்களின் கோல்பையைச் சுமந்து நடந்தவர். அத்தொழில் செய்வோரைக் 'கேடி' என்பர். நம்மூரில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. இங்கே அது மதிப்புள்ள தொழில்! வங்காளிகள் சித்தப்பாவை அழைக்கும் முறையில் நாங்கள் அவரைக் 'காக்கு' என்று அழைப்போம்.

நான் முதல் பந்தை அடித்ததைப் பார்த்துவிட்டுக் காக்கு இரண்டே சொற்கள் சொன்னார்: "கோமர் கோராவ்." இடுப்பைத் திருப்பு என்பது பொருள். நானும் திருப்பினேன். இரண்டு மாதம் விடாமல் திருப்பினேன். அதன் பயன் மார்கழி ஞாயிறன்று கிடைத்தது.

காக்கு சொன்னது முற்றிலும் சரி. நான் புரிந்துகொண்டதுதான் முற்றிலும் தவறு. எப்படி என்பதைப் பின்னர்க் கூறுகிறேன். அதற்கு முன் சிறிது கணக்குப் பார்ப்போம்.

கால் விநாடியில் ஒரு காரியம்

கோல்ப் பந்தின் எடை 46 கிராமுக்குச் சற்றே குறைவு. விதிப்படி 45.93 கிராமுக்கு மேற்படக் கூடாது. நெடுந்தூரம் அடிக்கப் பயன்படும் கோலின் தலை சுமார் 200 கிராம். கைதேர்ந்த ஆட்டக்காரர் இந்தத் தலையை விநாடிக்கு 50 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவருகிறார். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கோலை மேலே தூக்கியபின் கீழே இறக்கிப் பந்தைத் தொடுவதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழக் கால் விநாடி.

இயக்க சக்தியின் சூத்திரத்தைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். 200 கிராம் எடை 50 மீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் சக்தி 250 ஜூல். அதனைக் கால் விநாடியில் கொடுப்பதென்றால் 1000 வாட் திறன் வேண்டும். ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட்தான். ஆக, கோலின் தலைக்கு மட்டுமே ஒரு குதிரைக்கு மேல் வேண்டியிருக்கிறது! இதில் கைகளும் உடலும் அசைவதற்கான சக்தி சேரவில்லை. நம் இரண்டு கைகளின் தசைகள் மட்டும் இதனைத் தந்துவிட முடியாது. உடலின் பெரிய தசைகளெல்லாம் தொடையிலும் பிட்டத்திலும் முதுகிலும் வயிற்றிலும் இருக்கின்றன. அவற்றை வேலை வாங்காமல் வேறு வழி இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. கோலும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பந்து விநாடிக்குச் சுமார் 75 மீட்டர் வேகத்தைப் பெற்றுப் பறந்துவிடுகிறது. அச்சிறு நேரத்தில் பந்தின்மேல் செல்லும் சராசரி விசை ஏறத்தாழ 7000 நியூட்டன். சுமார் 700 கிலோ எடையை அதன்மேல் வைத்ததற்கு ஒப்பாகும். அந்தக் கணத்தில் நாம் கையால் இன்னும் கொஞ்சம் அழுத்துவோம் என்று நினைப்பது வீண். அடிபட்ட செய்தி நரம்பின் வழியே மூளைக்கு எட்டுமுன் பந்து போய்விட்டது. செய்ய வேண்டியதையெல்லாம் தொடுவதற்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டும்.

நான் செய்த பிழை இங்கேதான் தொடங்கியது. பந்தைத் தொடும் இடத்தில் பலத்தைக் காட்டவேண்டும் என்று எண்ணிக் கைகளையும் தோள்களையும் இறுக்கிக்கொண்டு அடித்தேன்.

மரக்கட்டையும் சாட்டையும்

உடலின் பலத்தையெல்லாம் ஒன்றாகத் திரட்டி ஒரே நேரத்தில் சுழன்றால் என்ன? இடுப்பு, மார்பு, கை, கோல் ஆகிய நான்கும் ஒரே மரக்கட்டையைப்போல் இணைந்து சுழல்வதாக வைத்துக்கொள்வோம். தேர்ந்த ஆட்டக்காரர்களின் இடுப்பெலும்பு மிகுந்த வேகம் கொள்ளும்போது விநாடிக்கு ஏறத்தாழ 500 பாகை சுழல்கிறது. முதுகுத்தண்டிலிருந்து கோலின் தலை வரை 1.8 மீட்டர் என்று கொள்வோம். பெருக்கிப் பார்த்தால் கோல் தலையின் வேகம் மணிக்கு 57 கிலோமீட்டர் மட்டுமே. 180 எங்கே, 57 எங்கே!

ஆகவே ஒரே நேரத்தில் சுழல்வது வழியன்று. ஒன்றன்பின் ஒன்றாகச் சுழல்வதே வழி. உடலில் சிறு கருவிகளைப் பொருத்தி அளந்தவர்கள் இவ்வாறு கண்டிருக்கிறார்கள். இறங்கு வீச்சில் முதலில் இடுப்பெலும்பு தன் உச்ச வேகத்தை அடைகிறது. விநாடிக்கு ஏறத்தாழ 450 முதல் 500 பாகை. அது மெல்ல அடங்கும்போது மார்பு உச்சத்தை அடைகிறது. ஏறத்தாழ 700 பாகை. மார்பு அடங்கும்போது கைகள். ஏறத்தாழ 1000 பாகை. கைகள் அடங்கும்போது கோல். 2000 பாகைக்கு மேல். நால்வர் ஓடும் தொடர் ஓட்டத்தில் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குத் தடி மாறுவதுபோல, சக்தி கீழிருந்து மேலாகக் கைமாறுகிறது. தடியைக் கொடுத்தவர் நின்றுவிடுகிறார், வாங்கியவர் ஓடுகிறார்.

கொடுத்தவர் நிற்பது சோம்பலால் அன்று. பெரிய, கனமான பகுதி அடங்கும்போது அதன் கோண உந்தம் அடுத்த சிறிய பகுதிக்குச் செல்கிறது. சிறிய பகுதியின் நிலைமம் குறைவு. ஆதலால் அதே உந்தம் அதனிடத்தில் கூடிய வேகமாக மாறுகிறது. கால் தரையில் பிணைந்திருப்பதாலும் தசைகள் இடையிடையே மேலும் சக்தி ஊட்டுவதாலும் கணக்கு இவ்வளவு எளிதாக அமையாது. ஆயினும் கருத்து இதுவே. மாட்டுவண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்கும்போது கை சட்டென்று நிற்கிறது; நுனி வெடிக்கிறது. கையும் நுனியோடு கூடவே ஓடினால் ஓசை வருமா?

படுக்கையில் கிடந்தபோது என் ஆச்சியை நினைத்துக்கொண்டேன். தாமிரபரணிப் படித்துறையில் ஆச்சி துணி துவைப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். நனைந்த வேட்டியை முறுக்கித் தோளுக்கு மேல் தூக்குவாள். இறக்கும்போது முதலில் முழங்கால் சற்றே மடியும், இடுப்பு இறங்கும், பிறகு தோள், பிறகு கை. கை கல்லுக்கு முன்பே நின்றுவிடும். துணியின் நுனி மட்டும் சென்று கல்லில் 'பளீர்' என்று அறையும். ஒல்லியான கிழவி. ஒரு மூட்டைத் துணியை அடித்து முடித்தபிறகும் மூச்சு வாங்கமாட்டாள். நானோ ஒரு கூடைப் பந்து அடிப்பதற்குள் சட்டை நனைந்துபோவேன்.

புத்தகங்கள் கூறுவதும் இதுதான். இங்கிலாந்தில் அலஸ்டேர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் இருவரும் 1968இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், கோல்ப் வீச்சை இரட்டை ஊசலாக உருவகித்தனர். ஓர் ஊசலின் முனையில் மற்றோர் ஊசல். முதல் ஊசல் கைகள், இரண்டாவது கோல், நடுவிலுள்ள கீல் மணிக்கட்டு. அமெரிக்கப் பௌதிக அறிஞர் தியோடர் ஜோர்கன்சென் 1970இல் இதே கருத்தைச் சமன்பாடுகளால் விளக்கினார். மணிக்கட்டை வலிந்து முன்கூட்டியே திறப்பவனைவிட, அது தானாகத் திறக்கும்வரை பொறுத்திருப்பவனே கோல் தலைக்கு மிகுந்த வேகம் தருகிறான். கோல் உடலுக்கு அருகில் மடங்கியிருக்கும்வரை சுழற்றுவது எளிது. நிலைமம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது அல்லவா? தொடக்கத்திலேயே கோலை நீட்டிவிட்டால் கனமான தூலத்தைச் சுழற்றுவதுபோல் ஆகிவிடும்.

ஏறும் முறையும் இறங்கும் முறையும்

இனி வீச்சை அடிமுதல் முடிவரை ஒருமுறை பார்ப்போம். வலக்கைப் பழக்கமுள்ளவருக்காகக் கூறுகிறேன், இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்க.

ஏறு வீச்சில் முதலில் கோல் நகர்கிறது. அதனை அடுத்துக் கைகள், அடுத்துத் தோள்கள், கடைசியில் இடுப்பெலும்பு. உச்சியை அடையும்போது தோள்கள் ஏறத்தாழ 90 பாகை திரும்பியிருக்கும். இடுப்பெலும்பு அதில் பாதி, 45 பாகை திரும்பியிருக்கும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் முறுக்கு. ஜிம் மெக்லீன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் 1992இல் இதற்கு 'எக்ஸ் காரணி' என்று பெயரிட்டு எழுதினார். மேலிருந்து பார்த்தால் தோளின் கோடும் இடுப்பின் கோடும் பெருக்கல் குறிபோல் குறுக்கிடுவதால் அப்பெயர்.

இறங்கு வீச்சில் வரிசை தலைகீழாகிறது. முதலில் இடப்பாதம் நிலத்தை அழுத்துகிறது. இடுப்பெலும்பு இலக்கை நோக்கித் திரும்பத் தொடங்குகிறது. பிறகு மார்பு, பிறகு கைகள், பிறகு கோல். நினைவில் வைத்துக்கொள்ள எளிய சூத்திரம்: ஏறும்போது மேலிருந்து கீழ், இறங்கும்போது கீழிருந்து மேல்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கோல் இன்னும் பின்னோக்கி ஏறிக்கொண்டிருக்கும்போதே இடுப்பெலும்பு முன்னோக்கித் திரும்பத் தொடங்கிவிடுகிறது. மேலே ஏறுபவரும் கீழே இறங்குபவரும் படிக்கட்டில் ஒருவரையொருவர் கடந்து செல்வதுபோல. அந்த ஒரு கணம் முறுக்கு இன்னும் சற்றுக் கூடுகிறது. இழுபட்ட தசை உடனே சுருங்கும்போது மிகுந்த வலிமையுடன் சுருங்கும். வட்டாடும் சிறுவனின் கவணைப்போல் உடலின் நடுப்பகுதி இழுபட்டு விடுபடுகிறது. 1957இல் வெளிவந்த பென் ஹோகனின் 'ஐந்து பாடங்கள்' என்ற நூலும் இறங்கு வீச்சை இடுப்பே தொடங்கவேண்டும் என்று வற்புறுத்துகிறது. கருவிகள் அளப்பதற்கு முன்பே கைதேர்ந்தவரின் உடல் இதனை அறிந்திருந்தது.

வரிசை தப்பினால் என்ன? தோள் முந்திக்கொண்டால் கோல் வெளிப்புறமிருந்து உட்புறமாகக் குறுக்கே வெட்டும். பந்து வலப்புறம் வளைந்து ஓடிப்போகும். புதியவர் பத்துப்பேரில் பெரும்பாலோருக்கு இதுவே நோய். இதற்கு மாறாக, இடுப்பைக் கண்மண் தெரியாமல் முன்னே ஓடவிட்டால் கைகள் பின்னே சிக்கிக்கொள்ளும். பந்து எங்கே போகும் என்பது பந்துக்கே வெளிச்சம். முந்துவது மட்டும் போதாது. முந்தியவன் பிந்தியவனுக்கு வழிவிட்டு அடங்கவும் வேண்டும். பந்தைத் தொடும் கணத்தில் இடுப்பெலும்பு இலக்கை நோக்கி ஏறத்தாழ 40 பாகை திறந்திருக்கும். தோள்கள் அதற்குச் சற்றுப் பின்தங்கியிருக்கும். இதுவே ஒழுங்கான வீச்சுக்கு அடையாளம்.

கால் விநாடிக்குள் இத்தனையையும் எண்ணிச் செய்வது யாராலும் இயலாது. ஏறு வீச்சுக்கு மூன்று பங்கு நேரம், இறங்கு வீச்சுக்கு ஒரு பங்கு என்பது தேர்ந்தவர்களிடம் பெரும்பாலும் காணும் தாளம். அந்தத் தாளத்தை மனத்தில் வைத்து மெதுவாகப் பழகினால் வரிசை தானே வந்தமையும்.

ஒரு சொல் செய்த குழப்பம்

இப்போது மார்கழி ஞாயிறுக்குத் திரும்புவோம். என்னைப் பார்த்த மருத்துவர் எலும்புக்குச் சேதமில்லை, தசையும் நாரும்தான் நொந்திருக்கின்றன என்று ஆறுதல் சொன்னார். மேசைமேல் இருந்த முதுகெலும்பு மாதிரி ஒன்றைக் கையில் எடுத்து, "எந்த இடத்தில் திரும்பினாய், காட்டு" என்றார். நான் வேட்டி கட்டும் இடத்துக்குச் சற்று மேலே விரலை வைத்தேன். அவர் சிரித்துவிட்டார். "அந்த இடம் திரும்புவதற்காகப் படைக்கப்பட்டதன்று" என்றார்.

நண்பர்களே, நாம் 'இடுப்பு' என்னும் ஒரே சொல்லால் இரண்டு இடங்களைக் குறிக்கிறோம். குழந்தையை வைத்துக்கொள்ளும் எலும்புப் பகுதியும் இடுப்பு. அரைஞாணுக்கு மேலே வலிக்கும் அடிமுதுகும் இடுப்பு. வங்காளியின் 'கோமர்' என்பதும் அவ்வாறே இரண்டையும் குறிக்கும். காக்கு இடுப்பெலும்பைத் திருப்பச் சொன்னார். நான் அடிமுதுகைத் திருகினேன்.

அடிமுதுகில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் மூட்டுகள் முன்னும் பின்னும் வளைவதற்கு ஏற்றவை. பக்கவாட்டில் சுழல்வதற்கு ஏற்றவை அல்ல. ஒவ்வொரு மூட்டும் இரண்டு பாகை அளவுதான் திரும்பும். ஐந்தும் சேர்ந்து பத்துப் பாகையைத் தாண்டுவது அரிது. இதற்கு மேலே விலாவெலும்புகள் பொருந்தியுள்ள மார்பு முதுகில் பன்னிரண்டு முள்ளெலும்புகள். அவை சேர்ந்து முப்பது பாகைக்கு மேல் திரும்ப வல்லவை. கீழே, தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழியில் கிண்ணத்துக்குள் பந்துபோல் பொருந்தியிருக்கிறது. அது எல்லாத் திசையிலும் நன்றாகச் சுழலும். ஆகவே சுழல வேண்டியவை இரண்டு: மேலே மார்பு, கீழே தொடை மூட்டு. நடுவிலுள்ள அடிமுதுகு அவ்விரண்டையும் இணைக்கும் பாலம். பாலம் உறுதியாக நிற்கவேண்டும், அதுவே ஆடக்கூடாது.

பகல் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து படிக்கும் நம்மைப் போன்றவர்களுக்குத் தொடை மூட்டும் மார்பு முதுகும் இறுகிப்போகின்றன. அவை திரும்ப மறுக்கும்போது அந்தச் சுமையை அடிமுதுகு ஏற்றுக்கொள்கிறது. வீச்சின்போது அடிமுதுகின் மேல் அழுந்தும் பாரம் உடல் எடையைப்போல் எட்டு மடங்கு வரை போகும் என்று அளந்திருக்கிறார்கள். கோல்ப் ஆடுவோருக்கு வரும் காயங்களுள் மிகுதியானது அடிமுதுகு வலியே. உலகப் புகழ்பெற்ற டைகர் உட்ஸ் 2017இல் அடிமுதுகு முள்ளெலும்புகளை ஒன்றாக இணைக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. அதன்பின் 2019இல் அவர் மீண்டும் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றது வியப்பான செய்தி. ஆனால் அவருக்கு இருந்த வசதி நமக்கில்லை என்பதை மறக்கலாகாது.

நிலம் தரும் பலம்

தொடக்கம் இடுப்பெலும்பு என்றோம். அதனைத் திருப்புவது எது? நிலம்! ஈரமான வழுவழுத் தரையில் காலுறையோடு நின்று உடலை வேகமாகத் திருப்பிப் பாருங்கள். பாதம் எதிர்த்திசையில் வழுக்கும். நாம் பாதத்தால் நிலத்தை ஒருபுறம் திருகுகிறோம். நிலம் நம்மை மறுபுறம் திருகுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியன்றி வேறில்லை. ஏறு வீச்சில் பாரம் வலப்பாதத்துக்குச் செல்கிறது. இறங்கு வீச்சு தொடங்கும்போதே இடப்பாதத்துக்கு வந்துவிடுகிறது. தேர்ந்தவர்கள் அக்கணத்தில் தம் உடல் எடையைவிட அதிகமான விசையால் நிலத்தை உதைக்கிறார்கள்.

பழகும் முறை

எழுந்து நடமாடத் தொடங்கியபின் நான் பழகிய நான்கு பயிற்சிகளைக் கூறுகிறேன். இவற்றில் மூன்றுக்குத் திடலும் வேண்டாம், பந்தும் வேண்டாம். விடுதி அறையே போதும்.

ஒன்று: கோலையோ குடையையோ மார்பின் குறுக்கே வைத்து, கைகளை அதன்மேல் கட்டிக்கொள்க. பிட்டம் சுவரைத் தொடும்படி சற்றே குனிந்து நிற்க. வலப்பக்கம் திரும்பும்போது வலப்பிட்டம் மட்டும் சுவரில் அழுந்த வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது இடப்பிட்டம். இவ்வாறு திரும்பினால் தொடை மூட்டு சுழல்கிறது என்று பொருள். அடிமுதுகில் பிடிப்புத் தோன்றினால் உடனே நிறுத்துக.

இரண்டு: இரு பாதங்களையும் சேர்த்து நின்று கைகளை மெதுவாக ஏற்றுக. அவை உச்சியை அடையுமுன் இடப்பாதத்தை இலக்கின் பக்கம் ஓர் அடி எடுத்து வைக்க. அதன் பிறகே கைகளை இறக்குக. பாதம் முந்தினால் இடுப்பெலும்பு தானே முந்தும்.

மூன்று: குளிக்கும் துண்டின் ஒரு முனையில் முடிச்சுப் போட்டு மறுமுனையைப் பிடித்து வீசுக. துண்டு காற்றைக் கிழிக்கும் ஓசையைக் கேளுங்கள். பந்து இருக்க வேண்டிய இடத்துக்கு முன்பே ஓசை எழுந்தால் கை அவசரப்பட்டது. பந்து இருக்குமிடத்திலோ அதனை அடுத்தோ எழுந்தால் வரிசை சரி.

நான்கு: கைபேசியின் மெதுவோட்டப் படத்தைப் பயன்படுத்துக. என் கைபேசி விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும். கால் விநாடி இறங்கு வீச்சுக்கு 60 படங்கள். அடிபடுவதற்கு முன் ஒரு நாள் திடல் நண்பர் வேடிக்கைக்காக எடுத்த படம் என்னிடம் இருந்தது. ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். என் தோள் திரும்பத் தொடங்கி ஐந்து படம் கழித்தே இடுப்பெலும்பு திரும்பியது. இரண்டு மாதப் பழக்கத்துக்குப் பின் எடுத்த படத்தில் இடுப்பெலும்பு எட்டுப் படம் முந்தியிருந்தது. முப்பதில் ஒரு விநாடிதான். என் முதுகுக்கு வாழ்வும் தாழ்வும் அந்த முப்பதில் ஒரு விநாடியில் இருந்தது.

முதல் மாதம் பாதி வேகத்துக்கு மேல் வீசவே கூடாது. வேகத்தைப் பிறகு கூட்டலாம். வரிசையைப் பிறகு மாற்றுவது கடினம்.

முடிவாக

பங்குனி மாதம் மறுபடியும் திடலுக்குப் போனேன். தவறிப்போன செய்முறைகளில் நான்கை முடித்துவிட்டேன்; மற்ற இரண்டுக்கும் பேராசிரியர் நாள் கொடுத்திருந்தார். காக்குவிடம் 'கோமர்' பற்றிய குழப்பத்தைச் சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்தார். பிறகு தம் இரு உள்ளங்கைகளையும் என் இடுப்பெலும்பின் இருபுறமும் வைத்து, "இது" என்றார். அதை அவர் முதல் நாளே செய்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். நானும் முதல் நாளே, "எது?" என்று கேட்டிருக்கலாம். கேளாதது என் குற்றமே. புரியாத சொல்லைப் புரிந்ததாகத் தலையாட்டுவது, வெளியூரில் வாழும் நம்மிடம் ஊறிப்போன பழக்கம் அல்லவா?

அடுத்த ஞாயிறன்று, வேலை நேரம் முடிந்ததும் என்னை அழைத்துப்போக அப்பா வந்திருந்தார். வேலிக்கு வெளியே நின்று, நான் ஒரு கூடைப் பந்தையும் அடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசாமல் பார்த்தார். பந்துகள் முன்னைவிடத் தூரம் போயின. என் சட்டை நனையவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் மெட்ரோ வண்டியில் திடீரென்று, "ஏலே, எங்கம்மை தொறையில துணி அடிக்கிற மாதிரியில்லா இருக்கு!" என்றார்.

நான் இரட்டை ஊசலைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சியின் பேரன் என்று ஒப்புக்கொண்டார், அது போதும்.

உங்களில் எவரேனும் பழக விரும்பினால் சனிக்கிழமை மாலையில் என்னோடு வரலாம். குடையும் துண்டும் கொண்டு வாருங்கள். இடுப்பு எது என்று முதலில் காட்டித் தருகிறேன்.